ஓடுகிற வீட்டுக்கு இரண்டு லட்சம்

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவின் ஃபோனில் வலியுல்லா மாமா பெயரையும் சிலிண்டர் போடும் அண்ணன் பெயரையும் இடம் மாற்றி வைத்து நாலு நாளாகிறது. இன்று காலை பலன். தி.நகரில் பை கடை வைத்திருக்கும் மாமாவுக்குப் போய்ச் சேர்ந்த அம்மாவின் குரல் செய்தி: "அண்ணே, காலி ஆயிடுச்சு. வரும்போது ஒண்ணு தோள்ல தூக்கினு வந்துடுங்க." மாமா நல்ல மனிதர். சிவப்பு டிராலி பை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து நின்றார்.

தண்டனை: ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். மாமா பையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. ஆக, லாபம்தான்.

மதியம் அம்மா சீட்டுக்குப் போய்விட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். இருபது பெண்கள், மாதம் ஆளுக்குப் பத்தாயிரம், குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அந்த மாதம் மொத்தமும் அவருக்கு. வட்டி, தள்ளுபடி எதுவும் கிடையாது. இன்னும் எடுக்காதவர்களின் பெயர்கள் டப்பாவுக்குள் மடித்த துண்டுகளாக இருக்கும். அடுத்த குலுக்கல் எங்கள் வீட்டில் என்பதால் டப்பா இங்கே.

அத்தா மாலை கோடம்பாக்கத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "கோதண்டபாணி சார் பழைய கேரவனை விக்கிறாராம்."

ஜூலை 7, திங்கள்

அந்த கேரவனைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. உள்ளே கட்டில், கழிவறை, குட்டி ஃப்ரிட்ஜ், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. அத்தா அதைக் கோதண்டபாணி சாரிடம் சம்பளத்துக்குப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறார், அதாவது நான் பிறந்ததிலிருந்து. ஓட்டுநர் பின்பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். தூக்கம் வந்தால் ஸ்டியரிங் மேலேயே.

அதை வாங்கி, அடுப்பு வைத்து, குடும்பங்களைக் கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று கூட்டிப் போய் வாடகை சம்பாதிக்கலாம் என்பது அத்தாவின் கணக்கு. விலை ஏழு லட்சம். கையில் இருப்பது ஐந்து. மீதி இரண்டு லட்சத்துக்கு எங்கே போவது? எங்கே வேண்டுமானாலும் போகலாம், வண்டி இருந்தால்.

ஐதராபாத்திலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறாராம். அவர் ஆகஸ்ட் பதினைந்தில் பணத்தோடு வருகிறார். அதற்குள் நாங்கள் முந்த வேண்டும்.

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டதும் அத்தாவோடு வங்கிக்குப் போனேன். அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "இது வண்டியா, வீடா?" வண்டிக் கடனுக்கு வண்டி ரொம்பப் பழையது. வீட்டுக் கடனுக்கு வீடு ரொம்ப ஓடுகிறது. கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து பாண்டி பஜார் பக்கம் ஒரு ஃபைனான்ஸ். மாமா சொன்ன இடம். பன்னிரண்டு சதவீதம்தான் என்றார்கள், ஆனால் ஃப்ளாட். அதாவது மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே ஓடும். மூன்று வருஷத்துக்கு அங்கேயே கணக்குப் போட்டேன். உண்மையில் இருபத்தொன்றுக்குப் பக்கம். சொன்னேன். அந்த அண்ணன் என்னைப் பார்க்காமல் அத்தாவைப் பார்த்து, "பாப்பா நல்லாப் படிக்குது போல" என்றார்.

வெளியே வந்து அத்தா: "கணக்கு சரிதாம்மா. ஆனா எவ்ளோ வட்டின்றது இல்ல விஷயம். வட்டியே வேணாம். உங்க பாட்டனார் காலத்துலேர்ந்து வாங்கினது இல்ல."

"அப்புறம் எதுக்கு உள்ள போனோம்?"

"ஏசி நல்லா இருந்துச்சு."

நான் யார் பிள்ளை என்பதில் இனி சந்தேகம் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பள்ளிவாசல் ஜமாஅத்தில் நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் தருவார்கள். அம்மா தன் சங்கிலியோடு போனாள். உச்சவரம்பு ஐம்பதாயிரம். அதுவும் முன்னால் வரிசை இருக்கிறது, முறை வர அக்டோபர் ஆகும். அம்மா சங்கிலியோடு திரும்பினாள். சங்கிலிக்கு சந்தோஷம்.

ஜூலை 14, திங்கள்

பாத்திரத் தண்டனை முடிந்தது. அம்மா ஃபோனுக்குப் புது பாஸ்வேர்டு. என் பிறந்தநாள்தான். பாவம்.

ஜூலை 19, சனி

மாமா வந்தார். (பை இல்லாமல்.)

"மச்சான், கடனா வேணாம். பங்கா வெச்சுக்கலாம். ரெண்டு லட்சம் நான் போடறேன், வாடகைல பாதி எனக்கு."

"ஏழுல ரெண்டு எப்படி மாமா பாதி ஆகும்?" என்றேன்.

"இவள யாரு கூப்ட்டா?"

"வண்டிய ஓட்றது யாரு? அந்த உழைப்புக்கு எவ்ளோ மாமா?"

சங்கடமான இடங்களில் அத்தா வேட்டி மடிப்பைச் சரிசெய்வார். இன்று நிறையச் சரிசெய்தார். மாமா டீயைக் குடித்துவிட்டு, "யோசிங்க" என்று போய்விட்டார். யோசிக்க என்ன இருக்கிறது? பதினாறு வருஷம் ஒரு முதலாளி, இனிமேல் மாமா முதலாளி.

ஜூலை 20, ஞாயிறு

கடைசியாகக் கண்ணில் பட்டது பிஸ்கட் டப்பா. இரண்டு லட்சம் அதற்குள்தான் இருக்கிறது. பதினைந்து துண்டுகளில் அம்மா பெயர் ஒன்று.

சீட்டை நடத்துவது உம்மே ஹானி டீச்சர். சாந்தோமில் எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், எனக்கும்தான். இந்த மாதம் எங்களுக்கு விட்டுத்தர முடியுமா என்று அம்மா ஃபோனில் கேட்டாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "தேவ எல்லாருக்கும்தான் இருக்கு. யாரு தேவ பெருசுன்னு எடை போட எங்கிட்ட தராசு இல்ல. அதுக்குத்தான் குலுக்கல்."

கணக்கு டீச்சரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

குலுக்கல் நடக்கிற வீட்டில் யார் சின்னவர்களோ அவர்கள்தான் துண்டு எடுக்க வேண்டும் என்பது சீட்டின் வழக்கம். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். டப்பா ஒரு மாதமாக அலமாரியில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் லீடர் தேர்வுக் குலுக்கலில், எப்போதும் தூங்கும் ஸ்ரீநிதி பெயர் எழுதிய துண்டை கேன்டீன் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து உள்ளே போட்டேன். எடுக்கப் போவதும் நான்தான். கையை விட்டால் எது ஜில்லென்று இருக்கிறதோ அதுதான். ஸ்ரீநிதி லீடர் ஆனாள். வகுப்பே சிரித்தது, ஸ்ரீநிதி உட்பட. ஒரு வாரம் கழித்து உம்மே ஹானி டீச்சருக்கும் தெரிந்துவிட்டது.

இன்று சாயங்காலம் அம்மா மாடியில் துணி எடுக்கப் போனபோது டப்பாவைத் திறந்தேன். அம்மாவின் துண்டு: அஃப்சருன்னிசா, டீச்சரின் முத்து முத்தான கையெழுத்தில். ஒரு கவரில் போட்டு ஃப்ரீஸரில் கோழிக்குப் பக்கத்தில் வைத்தேன். டீ போட்டேன். டீ கொதிப்பதற்குள் துண்டை வெளியே எடுத்துவிட்டேன். டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஏன்? பயமா? பக்தியா? இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். லீடர் விஷயத்தை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வேன்? யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாத குறும்பு குறும்பு இல்லை. அதற்கு வேறு பேர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் ஒழுங்காக வரும்.

எல்லோரும் வந்தார்கள். டீச்சர் டப்பாவைக் குலுக்கி என்னிடம் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். டீச்சர் பிரித்துப் படித்தார்: "அஃப்சருன்னிசா."

அம்மா.

ஒரு நொடி எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு பார்த்தால் யாருமே நம்பவில்லை.

டீச்சர் துண்டை மேஜையில் வைத்தார். பக்கத்தில் இருந்த சாய்மா அக்கா, யூனிஃபார்ம் தைக்கிறவர், அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்து, "தஹ்சீன், கையக் காட்டு" என்றார்.

காட்டினேன்.

"ஸ்ரீநிதி ஞாபகம் இருக்கா?"

கதை தெரிந்த யாரோ சிரித்தார்கள். யாரோ போய் ஃப்ரிட்ஜைத் திறந்தும் பார்த்தார்கள். கோழி மட்டும் இருந்தது. கோழி சாட்சி சொல்லாது.

"நான் ஒண்ணும் பண்ல டீச்சர்."

"பண்ணேன்னு சொல்லல. ஆனா எல்லாருக்கும் மனசு சரியா இருக்கணும் இல்ல?"

அப்போது அம்மா பேசினாள். என்னைப் பார்க்காமல்: "மறுபடி எடுத்துடுங்க டீச்சர். நீங்களே எடுங்க."

டீச்சர் அந்தத் துண்டையும் உள்ளே போட்டுக் குலுக்கி எடுத்தார். சாய்மா.

அவ்வளவுதான். எல்லோரும் சமோசா சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ரெண்டு.

ஏம்மா, ஒரு தடவ என்னைத் திரும்பிப் பாத்துட்டு சொல்லியிருக்கலாம் இல்ல? ஒரே ஒரு தடவ. அவங்க டீச்சர், அவங்களுக்கு சந்தேகம் வரலாம். நீ யாரு? வெச்சிருந்தா கெடச்சிருக்கும், வெக்காம கெடச்சுது, அதுவும் போச்சு — இத எங்க போய் சொல்றது?

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா பேசவில்லை. நானும். மாமாவின் சிவப்புப் பை ஒரு மூலையில் யாரோ ஊருக்குப் போவது போல நிற்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

அத்தா வண்டிச் சாவியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எடுத்தியா, வெச்சு எடுத்தியா?"

"எடுத்தேன்."

"சரி."

போக்குவரத்து போலீஸ் கை காட்டினால் சொல்வாரே, அதே "சரி". அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகஸ்ட் 9, சனி

அத்தாவுக்கு ஃபோன். கோதண்டபாணி சார்தான். "ஷரஃபு, ஐதராபாத் பார்ட்டி டிக்கெட் போட்டாச்சு. தவணைல வேணும்னா சொல்லு, ஐம்பதாயிரம் சேத்துக் குடு."

"அது வட்டி மாதிரி ஆயிடும் சார்."

"பேருதான்யா வேற."

பேர்தான் பிரச்சினை என்று அத்தா எப்படிச் சொல்வார்? நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடப் போகிறாராம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தா கோதண்டபாணி சாருக்கு ஃபோன் போடுவதற்குள் சாய்மா அக்கா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அன்னிக்கு அந்த மொதல் துண்டு எங்கைல தான் இருந்துச்சு. ஜில்லுன்னு ஒண்ணுமே இல்ல. ஈரமும் இல்ல. சாதா பேப்பர். சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள டீச்சர் குலுக்கிட்டாங்க. அப்புறம் எம் பேரு வந்துச்சு. எம் பேரு வந்தப்புறம் எப்டிக்கா சொல்றது? ஒரு வாரமா ஊசில நூல் கோக்க முடியல."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எனக்குப் பவர் மிஷின் ஒண்ணு வாங்கணும், ஒரு லட்சம் போதும். மீதிய நீங்க வெச்சுக்கங்க. உங்க பேரு எப்ப வருதோ அப்ப எனக்குத் திருப்பிக் குடுங்க. டீச்சர்கிட்ட நானே சொல்றேன்."

அம்மா அவரை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். என் பக்கம் திரும்பி, "டீ போடு" என்றாள். ஒரு வாரத்தில் முதல் வார்த்தை. போட்டேன். ஏலக்காயும் தட்டிப் போட்டேன், யாரும் கேட்காமலே.

சாயங்காலம் அம்மா அடுக்களையில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "சாய்மா சொல்லிட்டாளா? சரி. பணத்துக்காக ஃபோன் பண்ணல டீச்சர். எம் பொண்ணு பேருக்காகத்தான்."

குழம்பு அடிபிடித்துவிட்டது. நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆறு லட்சம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று.

சாப்பிடும்போது கேட்டேன். "அத்தா, கோதண்டபாணி சார் கிட்ட காசாக் குடுக்காம நாளாக் குடுத்தா?"

"என்னது?"

"அவரு புது வண்டி ரெண்டும் ஷூட்டிங் போயிட்டா வெளில வாடகைக்குத் தானே எடுக்கறாரு. நம்ம வண்டி பத்து நாள் அவருக்கு ஓடட்டும். ஒரு நாள் வாடகை பத்தாயிரம். கணக்கு தீந்துச்சு. விலையும் ஏறல."

அத்தா சோற்றில் கையை வைத்தபடியே யோசித்தார். அம்மா சொன்னாள்: "வட்டிக்கு பதிலா வண்டி." அம்மாவுக்கு வார்த்தை விளையாட்டு வரும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எங்கிருந்து வந்தேன் என்பதில் மீதி பாதியும் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

கோதண்டபாணி சார் ஒத்துக்கொண்டார். "பத்து நாளும் நீதான் ஓட்டணும்" என்பது மட்டும் நிபந்தனையாம். வேறு யார் ஓட்டுவார்கள்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

வண்டி வந்தது. கச்சேரி ரோடு வரை. எங்கள் சந்துக்குள் நுழையாது, ஆகவே ஜும்ஆ தொழுகைக் கூட்டம் கலைந்த பிறகு மெயின் ரோட்டில் ஓரமாக நிறுத்தினார் அத்தா. அம்மா உள்ளே ஏறி அடுப்பு வைக்கும் இடத்தைக் கையால் அளந்தாள். நான் கண்ணாடியின் எல்லா பல்பையும் போட்டேன். மூன்று எரியவில்லை.

அத்தா பின்பக்கம் வந்தார். நின்றார். கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு மெதுவாகப் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை.

வெளியே வந்து ஒரு தாளில் எழுதி கதவில் ஒட்டினேன்: "ஹீரோ ஓய்வெடுக்கிறார். ஷாட் ரெடியானாலும் எழுப்பாதீர்கள்."

அம்மா படித்துப் பார்த்தாள். கிழிக்கவில்லை. ஒரு மூலை சரியாக ஒட்டாமல் இருந்தது, அதை அழுத்திவிட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த மாதம் குலுக்கல் சாய்மா அக்கா முறை. புது மிஷின் வந்ததில் அவர் வீட்டில் இருபது பேர் நிற்கக்கூட இடமில்லை. கேரவனை சாந்தோமுக்கு ஓட்டிப் போய் கடல் பக்கம் நிறுத்தினோம். உள்ளே பாதிப் பேர், படியிலும் வெளியிலும் பாதிப் பேர்.

"யாரு எடுக்கறது? இது யாரு வீடு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஷரஃபுதீன் அண்ணன் வீடுதான். ஓடுற வீடு" என்றார் சாய்மா அக்கா.

"அப்ப சின்னவ யாரு?"

டப்பாவை வைக்க மேஜை இல்லை. உம்மே ஹானி டீச்சர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த குட்டி ஃப்ரிட்ஜின் மேலேயே வைத்தார். குலுக்கினார்.

"தஹ்சீன், வா."

எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். எங்களுக்குப் பழக்கமில்லாத, மாட்டாங்குப்பத்து அக்கா ஒருவரின் பெயர். டீச்சர் வாசித்துவிட்டுத் துண்டை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.