மூன்றாம் தட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று லேப் கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டேன். கடல்முனைக்கு வடக்கே இருக்கும் நண்டுகளும் தெற்கே இருக்கும் நண்டுகளும் தனித்தனிக் கூட்டங்கள், ஒன்றோடொன்று கலப்பதே இல்லை என்று என் கைடு எழுதி இருபது வருடம் ஆகிறது. அதை வைத்துத்தான் பதவி, விருது, லேப் வாசலில் அவர் படம் எல்லாம். அவர் காதில் விழாமல் நாங்கள் அவரை முனையார் என்போம். என் டிஎன்ஏ கணக்குப்படி, பிடித்ததில் மூன்றில் ஒரு நண்டு எதிர்ப்பக்கத்து நண்டு. கலப்பதில்லையாம்! பஸ் ஸ்டாண்டு மாதிரி போவதும் வருவதுமாக இருக்கின்றன.

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு வயிறு நிறைந்தது. மூலக்கோப்பை அனுப்பு என்று மட்டும் சொன்னார். அனுப்பிவிட்டேன். நன்றாகத் தோண்டட்டும்.

மார்ச் 11

மே எட்டாம் தேதி ஆண்டுக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்ததே அவர்தான். ஐந்து வருடமாக ஒரு கூட்டத்துக்கும் அனுப்பாத மனிதர்! உன் முடிவு, நீயே பேசு என்றார். சிரித்தார் வேறு. தோல்வியை ஒப்புக்கொள்ள இப்படி ஒரு வழியா? எப்படியோ, மேடை என்னுடையது.

மார்ச் 23

அவருடைய பழைய வரைபடத்தின் மேலேயே என் அம்புக்குறிகளைப் போட்டிருக்கிறேன். அற்பத்தனம்தான். இருக்கட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய் சண்டையோடு திரும்பினேன். வாயைத் திறந்தாலே முனையார் புராணம்தானா என்றாள். "நண்டப் பத்தி நீ ஒரு வார்த்த பேசி எத்தன மாசம் ஆச்சு தெரியுமாடி?" பல் டாக்டர் வாசலில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மன்னிப்பா? அவள் முதலில் கேட்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

முனையைத் தாண்டிய நண்டுகளின் எண்களை வரைபடத்தில் குறிக்கலாம் என்று காலையில் வரிசையாக எழுத உட்கார்ந்தேன். தொண்ணூற்றுச் சொச்சம் எண்கள். எல்லாமே மூன்றில் தொடங்குகின்றன. மூன்றாம் தட்டு. முதல் இரண்டு தட்டுகளிலிருந்து ஒன்றுகூட இல்லை.

நண்டுகளின் டிஎன்ஏவை ஒரு சொட்டு ஒரு சொட்டாகத் தட்டின் சின்னக் குழிகளில் விட்டு இயந்திரத்தில் வைப்போம். மேல்பாதி வடக்கு, கீழ்ப்பாதி தெற்கு. கடைசிக் குழியில் மட்டும் வெறும் தண்ணீர், சரிபார்ப்பதற்காக. மூன்றாம் தட்டில், அந்தத் தண்ணீரில் நண்டு இருக்கிறது. முதல் குழியில் இருக்க வேண்டிய நண்டைக் காணோம். பிப்ரவரியிலேயே இரண்டையும் பார்த்தேன். தண்ணீரில் ஏதோ தெறித்துவிட்டது, அந்த ஒரு நண்டு கெட்டுப்போனது என்று தனித்தனியாகக் காரணம் எழுதித் தள்ளிவிட்டேன்.

தட்டு திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. வடக்கெல்லாம் தெற்கு, தெற்கெல்லாம் வடக்கு.

ஏப்ரல் 29

கணினியில் அந்த ஒரு தட்டின் எண்களை மட்டும் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான். ஒரு நண்டுகூட முனையைத் தாண்டவில்லை. அவர் எழுதியது சரி. இருபது வருடமாகச் சரி. இதை எழுதவே கை கூசுகிறது.

வைத்தது சீனியராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இயந்திரத்தின் பதிவேட்டைத் திறந்தேன். சீனியர் முனையாரின் செல்லப்பிள்ளை. மாட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஜனவரி 17, மூன்றாம் தட்டு — என் கையெழுத்து. நடைபாதையில் எல்லார் முன்னாலும் முனையார் எனக்கு மூளையும் இல்லை, கையில் சுத்தமும் இல்லை என்று சொன்ன நாள். எது மேல்பக்கம் என்று காட்டும் தட்டின் வெட்டுமூலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் உள்ளே திணித்துவிட்டுக் கழிவறைக்கு அழப் போனேன்.

ஏப்ரல் 30

யாருக்கும் தெரியாது.

மே 1

நண்டு வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. பேசிவிட்டு, பட்டம் வாங்கிவிட்டு, போய்விடலாம். இப்படியா யோசிக்கிறேன் நான்?

மே 2, வெள்ளி

முனையாரிடம் சொல்லிவிட்டேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். தட்டு, தண்ணீர், என் கையெழுத்து, எல்லாம். அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"மார்ச்லயே பாத்துட்டேன். தண்ணில நண்டு இருக்கு, இது கூடவா தெரியாது?"

மூலக்கோப்பை நான் அனுப்பிய வாரமே பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கேட்டிருப்பியா நீ? எட்டாம் தேதி, கேள்வி நேரத்துல கேக்கலாம்னு வெச்சிருந்தேன்."

மே 3

பாவி. ரெண்டு மாசம்! தினம் பாத்து சிரிச்சுட்டு, ஸ்லைடு ரெடியான்னு விசாரிச்சுட்டு — மூணு தடவ விசாரிச்சான். முந்நூறு பேர் முன்னாடி தோலுரிக்கறதுக்கா? நான் வெறுத்ததெல்லாம் பத்தாது போலிருக்கே. ஆனா தப்பு என்னோடது. அதான் தாங்கல. அவன் தப்பா இருந்திருக்கணும். ஒரே ஒரு தடவயாவது தப்பா இருந்திருக்கணும்.

மே 8, வியாழன்

முதல் படமே தட்டின் படம். இதைத் திருப்பி வைத்தது நான்தான் என்று தொடங்கினேன். யாரோ சிரித்தார்கள். தட்டைச் சரியாகத் திருப்பினால் என்ன ஆகிறது என்று காட்டினேன். அவர் சொன்னது சரி என்று என் வாயாலேயே சொன்னேன். கைதட்டினார்கள். முடிந்ததும் எல்லாரும் அவருக்குப் போய்க் கைகொடுத்தார்கள். கேள்வி நேரத்தில் அவர் வாயே திறக்கவில்லை. கேட்பதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

வெளியே வந்து அக்காவுக்கு போன் செய்தேன். நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தீசிஸில் கையெழுத்து வாங்கப் போனேன். மூன்றாம் அத்தியாயத்தில் தட்டு திரும்பிய கதை அரைப்பக்கம் வருகிறது: யார் வைத்தது, எப்போது, எப்படித் தெரிந்தது. லேப் மானம் போகும், எடுத்துவிடு என்றார். மாட்டேன் என்றேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"சரி சார். அப்ப கூட ஒரு வரி சேத்துடறேன். கைடு இத மார்ச்லயே பாத்துட்டு சும்மா இருந்தாருன்னு."

அவர் பேனாவைத் திறந்தார். நான்கு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"எங்கிட்டேருந்து நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க."

ஐந்து வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இந்த ஒரு முறைதான். படியிறங்கும்போதுதான் எதைப் பாராட்டினார் என்று உறைத்தது.