எட்டாவது இன்னிங்ஸில் எழுந்தவள்

செப்டம்பர் 24, செவ்வாய்

என் வீட்டுக்காரன் லைலுக்கு முகம் மழித்துவிட்டேன். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாளை பகலில் எங்கள் ஊர் அணிக்கு பேஸ்பால் ஆட்டம். தோற்றால் அடுத்த சுற்றுக் கனவு அவ்வளவுதான். "சக்கர நாற்காலியில வாயேன்" என்றேன்.

"நாலு பேரு பாத்து உச்சுக்கொட்டவா? நீ போ கெழவி. எனக்கும் சேத்துக் கத்திட்டு வா."

செப்டம்பர் 25, புதன்

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது தொடங்கும்போது ஐந்து ரன் பின்னால். இனி எங்கே ஜெயிப்பது என்று எழுந்து வந்துவிட்டேன். லைல் கடைசிப் பந்துக்கு முன் ஒருநாளும் எழுந்தவனில்லை.

ஏரிக்கரைச் சாலையில் சிவப்பு விளக்கு. காரின் ரேடியோவில் ஒரே கூச்சல். எட்டாவதில் இரண்டு ரன் எடுத்தார்களாம். இப்போது ஒன்பதாவதில் எங்கள் ரூகர் ஒரே அடியில் நான்கு ரன்! ஜெயித்துவிட்டோம். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் லைல் முகமெல்லாம் சிவந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான். "சொல்லு, எப்படி இருந்துச்சு?" நானும் கதை அளந்தேன். நாற்காலி மேல் ஏறி நின்றேனாம். முன்பின் தெரியாத ஒருத்தியைக் கட்டிப்பிடித்தேனாம்! சிரித்துக் கேட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 26, வியாழன்

பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் இவோன், நேற்றைய வீடியோ என்று செல்போனை நீட்டினாள். ரூகர் அடிக்கிறான். அவனுக்கு நேர் பின்னால், வலைக்கு அப்பால், இரண்டு காலி நாற்காலிகள். சீசன் முழுக்க எங்களுக்கென்று வாங்கியவை.

லைல் இதைத்தானே நேற்று நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான்? பார்த்துவிட்டா என்னிடம் கேட்டான்?

சாயங்காலம் செய்தியில் அதே காட்சி வந்தது. சட்டென்று சேனலை மாற்றினான். நான் கூசிப்போகக் கூடாதென்று.

சீ. என்ன பொம்பள நான்?

செப்டம்பர் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன். "லைல், நான் அங்க இல்ல. முன்னாடியே கெளம்பிட்டேன்."

"தெரியும். நீ சொன்னதுதான் டி.வி.யில வந்ததவிட நல்லா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "நீ பொய் சொன்னது பெருசில்ல. இனி தேறாதுன்னு தோணுனா எந்திரிச்சுப் போயிடுவியோன்னு... அதான் ராத்திரி தூக்கம் வரல."

அவன் ஆட்டத்தைச் சொல்லவில்லை. தன் காலைச் சொன்னான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் எழவில்லை.

செப்டம்பர் 28, சனி

தோற்றோம். கதை முடிந்தது. நாளைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுமில்லாத ஆட்டம்.

"ஒண்ணுமில்லாத ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. என்னை இட்டுட்டுப் போறியா?" என்றான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சக்கர நாற்காலியைத் தள்ளத் தெரியாமல் மைதான வாசலில் ஒரு போலீஸ்காரர் காலில் ஏற்றிவிட்டேன். "ஓட்டுறதுக்கு லைசன்ஸ் இருக்காம்மா?" என்றார். லைல் அப்படிச் சிரித்து மாதங்கள் ஆகின்றன.

ஆறாவதில் மழை. ஒன்பது ரன் பின்னால். ஒவ்வொருவராகப் போனார்கள். நானும் அவனும் ஒரே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கடைசிப் பந்து வரை இருந்தோம். கேவலமான தோல்வி.

செப்டம்பர் 30, திங்கள்

இரண்டு பேருக்கும் சளி. சூப் வைத்தேன். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் லைலே போன் போட்டுக் கேட்டான்: "ஏப்ரல்ல அடுத்த சீசனோட மொத ஆட்டம். அதுக்குள்ள எங்க சீட்டுக்குப் போற நாலு படிய என்னை ஏற வெப்பியாம்மா?"