எண்பது பேர் வந்தோம், ஒருவரும் ஏறவில்லை

அன்பு மகனுக்கு,

என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் முழுசாக நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டிக்கெட் ஜன்னலைக் கோபத்தில் அடித்து மூடியதில் கை சுளுக்கிவிட்டது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அண்ணா, ஜன்னலும் நலமில்லை. அதை யாரும் விசாரிக்கவில்லை.)

நம் ஸ்டேஷனில் இனி ரயில் நிற்க வேண்டுமா என்று முடிவு செய்ய, காலை வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண ஒரு அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்தார். கல்குவாரிக்காகக் கட்டிய ஸ்டேஷன், ஒரு காலத்தில் ஆறு வண்டி நின்றது, பார்சல் அறை, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் இருந்தது, குவாரி மூடியதும் ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள், மிச்சம் இரண்டு வண்டி, ஒரு குழாய், டிக்கெட் விற்க நான். இதுவும் போனால் வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகும் நம் தையல்காரர் எதில் போவார், சொல். அதனால் மனுவோடு எண்பது பேர் திரண்டு அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். உன் அப்பாவைத் தெரியுமே, ஸ்டேஷன் வரலாற்றை முதல் செங்கல்லிலிருந்து ஆரம்பித்தார். வண்டி வந்தது, இரண்டு நிமிடம் நின்றது, போய்விட்டது. ஒருவர்கூட ஏறவில்லை! தையல்காரரே மனுவில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றுகொண்டிருந்தார், பிறகு லாரியில் ஏற்றி அனுப்பினோம். அதிகாரி பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். "சார், எண்பது பேர் நிக்கிறோமே" என்றேன். "நிக்கிறவங்களை எண்ண வரலம்மா, ஏறுறவங்களை எண்ண வந்தேன்" என்றார். அப்போதுதான் ஜன்னலை மூடினேன். (அவருக்கு முட்டை மாமா என்று பெயர் வைத்துவிட்டேன்.) உன் அப்பாவைத் திட்டினால், "நான் இன்னும் குவாரி மூடின வருஷத்துக்கே வரலையேடி" என்கிறார்.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் வெள்ளி, மாலை வண்டி. இறங்குகிறவர்களையும் எண்ணுவாராம். மூன்று வருடமாக "அடுத்த மாசம் வர்றேம்மா" என்று சொல்கிறாயே, அந்த அடுத்த மாதம் இதுதான். பிளாட்பாரம் இரண்டு பெட்டி நீளம்தான், கடைசிப் பெட்டியில் உட்கார். போன தடவை போல முன்பெட்டியில் தூங்கி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நீ இறங்கும் வண்டியில்தான் அப்பா ஏறுகிறார். படியில் பார்த்தால் கையை மட்டும் ஆட்டு, பேச்சுக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உடைந்த ஜன்னலுக்குப் பின்னாலிருந்து,
உன் அம்மா