எடுத்த எடுப்பில் சொன்ன விஷயம்

அன்பு மாப்ள பாண்டி,

நல்லா இருக்கியா என்று உன்னிடம் கேட்பது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். உனக்கு அதுதானே பிடிக்கும்?

தல்லாகுளத்தில் நாம் சேர்ந்து படித்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இன்னும் நடக்கிறது. அதே மாடி, அதே சார். எனக்கு அங்கே பெரிய கஷ்டம் இருந்ததில்லை. அத்தாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன் நான். கூட்டம் நிற்கும்போது விலையை முதலில் சொல்லித்தான் பழக்கம். நீ அலங்காநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. உங்கள் ஊரில் மண்வெட்டி இரவல் கேட்க வந்தவர்கூட மழையில் தொடங்கி, மாட்டை விசாரித்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, எழுந்து போகும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வார்.

மேனேஜரிடம் லீவு கேட்கும் பயிற்சியில், "சார், சாப்பிட்டீங்களா" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாய். வகுப்பே சிரித்தது. நீ பேசியதில் ஒரு பிழை கிடையாது, அதை யார் பார்த்தார்கள்? விஷயத்துக்கு வா, விஷயத்துக்கு வா என்று சார் மேசையைத் தட்டினார். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் நீ என்னிடம் கேட்டாய்.

"எடுத்த எடுப்புல விஷயத்தப் போட்டு ஒடச்சா, கேக்குறவன் எப்புடிடா தாங்குவான்?"

பிறகு நீயும் பழகிக்கொண்டாய். சென்னையில் வேலை கிடைத்தது. அந்த வேலைக்குப் போகிற வழியில்தான் பைக்கோடு லாரியில் சிக்கினாய்.

உன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் உன் அப்பாவுக்குப் போன் செய்தாள். தமிழில்தான் பேசினாள். முதல் வாக்கியமே, உங்கள் மகன் இறந்துவிட்டார். அடுத்தது, உடலை வாங்க யார் வருகிறீர்கள். நம் பக்கத்தில் சாவை எவனாவது அப்படிச் சொல்வானா? மேலுக்கு முடியலை, கிளம்பி வாங்க என்று இழுத்து, பக்கத்தில் நாலு பேரை நிறுத்திய பிறகுதானே சொல்வோம்? அவர் வயலில் தனியாக இருந்தார். பக்கத்து வயல்காரர் வந்து பார்க்கும்வரை மோட்டார் ஓடி, தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பாதைக்குப் போய்விட்டது. போனைப் பிடித்தபடி சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவளையும் ஏதோ ஒரு மாடியில் உட்காரவைத்து, மேசையைத் தட்டித்தானே பழக்கியிருப்பார்கள்?

போன வாரம் சார் கூப்பிட்டார். இன்டர்வியூவில் ஜெயிப்பது எப்படி என்று புதுப் பிள்ளைகளுக்கு நான் வந்து பேச வேண்டுமாம். மாட்டேன் என்று முதல் வார்த்தையிலேயே சொன்னேன். அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

மாதம் தவறாமல் உன் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் கேட்கிறார்.

"ஏன் தம்பி, எங்க இருக்கீக, பக்கத்துல ஆள் இருக்கான்னு அந்தப் புள்ள ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் மாப்ள. நல்லதோ கெட்டதோ, இனி அவர் காதுக்குப் போவது என் வாய் வழியாகப் போகட்டும். மழையைப் பேசி, மாட்டை விசாரித்து, அவர் கொடுக்கும் தண்ணீரைக் குடித்த பிறகுதான் சொல்வேன்.

உன் மச்சான்,
பஷீர்