சுத்தக் காற்றின் அளவு

நாள் 61. காலை 8.10

அறை அழுத்தம் சரி. வெப்பம் 26. ரத்தம் எடுத்தாயிற்று, ஒன்பது மில்லி. காற்றில் பென்சீன் இல்லை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் பிரகாசி ஃபர்னாந்து. காற்றின் வேதியியல் படித்தவள். ஆலங்கரைக்கு எதிரே, கடலுக்கு அடியில் நானூறு மீட்டர் ஆழத்தில், ஓர் இரும்பு அறைக்குள் இருக்கிறேன். அனுப்பியது ஒரு புற்றுநோய்த் தடுப்பு அறக்கட்டளை. வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, வர வைப்பதை நிறுத்த வேண்டும் என்று பேசிய ஒரே அமைப்பு அதுதான். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

ஆலங்கரை ரசாயன ஆலையை ஒட்டிய இரண்டு தெருக்களில், அது விடும் பென்சீன் ஆவியால், நாற்பத்தொரு பேருக்கு ரத்தப் புற்றுநோய். அறக்கட்டளை வழக்குப் போட்டது. "சுத்தக் காற்று என்றால் எவ்வளவு சுத்தம், காட்டுங்கள்" என்றது ஆலை. இந்த 2071இல் தரைக்கு மேல் அப்படி ஒரு காற்றே கிடையாது. ஆகவே இங்கே அதைச் செய்து, ஓர் ஆளை 120 நாள் மூச்சுவிட வைத்திருக்கிறார்கள். முதல் அறுபது நாள் உடம்பு பழக. இன்று தொடங்கி அடுத்த அறுபது நாளின் சராசரியைத்தான் 'சுத்தம்' என்று வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் எழுதிக்கொள்ளும். அதைவிட அதிகமாகப் புகைவிடும் ஆலையை மூட வேண்டும்.

நாற்பத்தொரு பேரில் ஒருத்தி என் அக்கா செலஸ்தீனா.

நாள் 69. காலை 8.15

நேற்றிலிருந்து குளிர் நீரோட்டம். சூடேற்றியைப் போட்டேன். கால் விறைப்பு போயிற்று. பென்சீன்: கன மீட்டருக்கு 3 மைக்ரோகிராம்.

கருவிக் கோளாறாக இருக்கும். மறுபடி சரிபார்க்கிறேன்.

நாள் 73. மாலை 4.40

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. பென்சீன்: 11. சூடேற்றியை அணைத்தால் குறைகிறது. ஆனால் அறை நான்கு டிகிரிக்கு இறங்கி, ரத்தம் எடுக்கும் இயந்திரம் நின்றுவிடுகிறது. எனக்கும் பல் தந்தியடிக்கிறது.

காற்றுக்குழாய்க்குள் கேமராவை விட்டுப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உள்ளே, சூடேற்றும் கம்பிகளுக்கு அரை அடி தள்ளி, நீல நிற எனாமல் பெயின்டில் வரிசையாகப் பெயர்கள். உபயம் இன்னார், உபயம் இன்னார் குடும்பத்தார்.

நம் ஊரில் டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் மறையும் அளவுக்குப் பெயர் எழுதுவோம். இங்கே சுவர் முழுக்கக் கல்லில் வெட்டிய நன்கொடையாளர் பெயர்கள். அதில் இடம் போதாமல், கடைசியில் வந்தவர்களைக் குழாய்க்குள் எழுதிவிட்டிருக்கிறார்கள். சோதனை அதிகாரி வந்துபோன பிறகு. அந்தப் பெயின்டுதான் சூட்டில் ஆவியாகிறது. குழாய் வெல்டிங் வைத்து மூடியது, உள்ளே என் கை போகாது.

நாள் 74. காலை 9.30

என் பேச்சு, எழுத்து எல்லாம் அறக்கட்டளை அலுவலகம் வழியாகத்தான் மேலே போகும். ஒருங்கிணைப்பாளர் கோமதிநாயகத்திடம் சொன்னேன். கெட்டவர் அல்ல, பயந்தவர். பதில்:

"மேடம், பதட்டப்படாதிய. தலைவர் ஐயாகிட்ட சொன்னேன். பேரை அழிச்சோம்னா குடுத்தவங்க மனசு நோவும்ங்காவ. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க மூணு வருசம் ஆவும். கொஞ்சூண்டு வாடைதான மேடம், அறுவது நாளும் ஓடிப்போயிரும்."

நாள் 96. காலை 8.20

பென்சீன்: 19. மூக்கில் ரத்தம், இரண்டாம் முறை.

எனக்கு என்ன ஆகும் என்பது அல்ல பிரச்சினை. ஆலங்கரைத் தெருவின் காற்று 12. என் அறையின் சராசரி இன்றோடு 11. இந்தப் போக்கில் முடிவில் 14 வரும். அதைத்தான் சுத்தம் என்று எழுதப்போகிறார்கள். அப்போது அந்த ஆலை சுத்தத்தைவிடச் சுத்தம். அந்த வழக்கு மட்டுமல்ல, இனி எந்த ஊரில் எந்த ஆலைமீது வழக்குப் போட்டாலும் இந்தப் பதினான்கைத் தூக்கிக் காட்டுவார்கள். என் ரத்தத்தைச் சாட்சியாக வைத்து.

ஏழு முறை எழுதிவிட்டேன். "ஐயா பாத்துக்கிடுதேன்னாவ" என்று ஏழு முறை பதில்.

நாள் 110. பகல் 12.05

வாராந்திர அழைப்பு. அக்கா பேசினாள்.

"ஏளா பிரகாசி, சாப்பிட்டியா? கடைசி நாளு கப்பல்ல விழாவாம், என்னைய மேடையில உக்கார வைக்கப் போறாவளாம், உன் பேரைச் சொல்லி. புதுச் சேலை எடுத்துத் தந்திருக்காவ. இனி நம்ம பிள்ளையளுக்கு இந்தச் சீக்கு வராதுல்லா?"

"வராதுக்கா" என்றேன். வெட்கமாக இருந்தது. அழைப்பு முடிந்ததும் அழுதேன்.

நாள் 117. காலை 10.00

கையேட்டைத் திரும்பப் படித்தேன். கதவில் இருக்கும் முத்திரை மட்டும் தீர்ப்பாயத்தோடு நேராக இணைந்தது, அலுவலகம் குறுக்கே இல்லை. 120 நாள் முடியும் முன் அது உடைந்தால் எல்லா அளவும் செல்லாது. ஆனால் முத்திரை உடைந்தால் கடல் புகுந்துவிட்டதாக எண்ணிக் காற்று இயந்திரமும் நின்றுவிடும். அதன்பின் உள்ளே ஆறு மணி நேரக் காற்று. மீட்புக் கூண்டு இறங்க மூன்று மணி நேரம்.

கூண்டு கடைசி நாளில்தான் எனக்கு மேலே நிற்கும் கப்பலுக்கு வருகிறது. முன்பே உடைத்தால் வெறும் சாவு. காத்திருக்கிறேன்.

நாள் 120. காலை 9.40

கூண்டு வந்துவிட்டது என்று செய்தி. பதினொரு மணிக்கு 120 நாள் முடிந்து, விழா மேடையில் அளவை அறிவிப்பார்கள்.

முத்திரையை உடைத்தேன். இயந்திரம் நின்றது. இந்த அமைதியை எதிர்பார்க்கவில்லை.

காலை 10.05

கோமதிநாயகம்: "மேடம், என்ன இப்படிப் பண்ணிட்டிய! கூண்டை ஐயாதான் பொத்தானை அமுக்கி இறக்குறதா ஏற்பாடு. சாவி அவங்க பையில. மேடையில இருக்காவ, பொன்னாடை போட்டுக்கிட்டிருக்காவ."

கூப்பிடச் சொன்னேன்.

காலை 10.50

"துண்டுச்சீட்டு குடுத்துவிட்டேன் மேடம். நன்றி சொல்ல வேண்டிய பேருன்னு நினைச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாவ."

பகல் 11.20

தீர்ப்பாயத்திலிருந்து: "முத்திரை உடைந்தது பதிவாகியுள்ளது. அளவுகள் அனைத்தும் செல்லாது."

பதினான்கு செத்தது. சத்தமாகச் சிரித்தேன். காற்று வீண் என்று பிறகு நினைவு வந்தது.

பகல் 12.25

இன்னும் கால் மணிக்குள் கிளம்ப வேண்டும். "மேலே ஏறிச் சாவியைப் பிடுங்குங்கள்" என்று கத்தினேன்.

"எத்தனை பெரிய மனுசங்க இருக்காவ... நான் எப்படி மேடம் மேடை ஏறுவேன்? ஐயா பேச ஆரம்பிச்சிட்டாவ. இந்தா முடிச்சிருவாவ."

பகல் 12.50

தலைவலி. எழுத்து கோணுகிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கோமதிநாயகம் அழுகிறார்.

பகல் 1.00

அக்கா. கோமதிநாயகத்தின் போனில்.

"ஏளா, இவன் அழுதுக்கிட்டு நின்னான், என்னன்னு கேட்டேன், சொல்லிட்டான். மைக்கைப் புடுங்கிட்டேன். சாவியும் வாங்கியாச்சு, அந்தாளு சட்டையே கிழிஞ்சிட்டு. கூண்டு இறங்குது, நானே பாத்தேன். மூணு மணி நேரம்தானாம். இருப்பேல்லா?"

"இருக்கேன்க்கா" என்றேன்.

காற்று இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.