நீ வழுக்கி விழவில்லை

முந்தாநாள் காலை அல்சூர் மெட்ரோ நிலையத்துப் படியில் ஒருவர் உட்கார்ந்து முழங்காலுக்கு வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் கன்னடத்தில் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். சண்டைக்கு முன்னால் நாம் உடை மாற்றும் கூடாரத்தில் எப்போதும் இருந்த வாடை அது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டியதை இன்னும் தள்ளிப்போட முடியாது என்று அங்கேதான் தோன்றியது.

ஸ்ரீராம்புரத்தில் உன்னை ஆட்டோக்காரனாகத்தான் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு முகமூடியோடு ரிங்கில் ஏறும் செம்பருந்து நீதான் என்பது உன் மனைவிக்கும் எனக்கும் சண்டை நடத்தும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும். மெக்சிகோ மல்யுத்தக்காரர்களின் வீடியோக்களை போனில் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பித்து அது. "அந்த ஊர்ல முகமூடிய கழட்டறது மானத்தயே கழட்டற மாதிரி மச்சா," என்பாய். டைல்ஸ் கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னையும் நீதான் ரிங்குக்கு இழுத்துப் போனாய். எனக்கு முகமூடியும் இல்லை, பெயரும் இல்லை. உன்னிடம் தோற்கிறவன், அவ்வளவுதான்.

யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள். விழுவது மட்டும் நிஜம். விழுகிறவன் கழுத்து தூக்குகிறவன் கையில் இருக்கிறது.

அன்று அத்திபெலே மைதானத்தில் மதியம் தூறல் போட்டு, ரிங்கின் துணி நனைந்து கிடந்தது. அந்த ஒரு தடவை நான் ஜெயிப்பதாக ஏற்பாடு. உன்னைத் தலைக்கு மேல் தூக்கி முதுகு படும்படி போட வேண்டும். உன் இடுப்பைப் பிடித்தபோது என் காதருகே சொன்னாய்: "வேணாம் மச்சா, கீழ ஈரம். வேற எதாவது பண்ணு."

எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் கூட்டம் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. "தூக்கு! தூக்கு!" தூக்கினேன். என் கால் வழுக்கியது. நீ முதுகில் விழவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் முகமூடியை எடுக்கச் சொன்னார்கள். நீ வலது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். இடது கை அசையவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, அவர்களிடம் கத்தரிக்கோல் வாங்கி நானே வெட்டினேன். "யார்னா பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாய்.

மறுநாள் கம்பெனிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து எப்படி ஆயிற்று என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நான்தான் சார் வழுக்கிட்டேன். இவன் மேல தப்பில்ல." அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

இடது கைக்கு உயிர் திரும்பவில்லை. ஆட்டோவை விற்றுவிட்டாய். உள்ளூர் கேபிள் சேனலில் நம் சண்டைகளைக் காட்டத் தொடங்கியபோது, தமிழில் வர்ணனை பேச உன்னை உட்கார வைத்தார்கள். வாய்ப்பகுதியை அகலமாக வெட்டி உன் மனைவி புது முகமூடி தைத்தாள். சண்டை போட்டபோது கிடைக்காத பேர் உனக்குப் பேச்சில் கிடைத்தது. "ஐயோ, அந்த அடி இங்க ஒக்காந்திருக்கற எனக்கே வலிக்குதுங்க!" என்பாய். வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். உனக்கு நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது.

நீ விழுந்த காட்சியை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே போட்டார்கள். அதனால்தான் நான் சாம்பியன் ஆனேன். வாரம் தவறாமல், நீ விழுவதை நீயே பார்த்துக்கொண்டு, அது ஓடும்போதே வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினாய். ஒருநாள் டீக்கடையில் டம்ளரை வலது கையில் பிடித்தபடி கேட்டாய்: "மச்சா, இப்போ நீ சொன்னா கேப்பாங்க. அந்த சீன எடுத்துட சொல்லேன். ஒவ்வொரு வாட்டியும் கழுத்துல சத்தம் கேக்குது."

"சொல்றேன்டா," என்றேன். சொல்லவில்லை. அந்தக் காட்சி போனால் நானும் போய்விடுவேன் என்று பயந்தேன். நீ இரண்டாம் முறை கேட்கவில்லை. உன் கோபம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு குளியலறையில் விழுந்தாய். படுக்கை. மூச்சு இழுக்கவே தெம்பில்லாமல் போய், மார்புச் சளி உன்னைக் கொண்டுபோனது. சாவு வீட்டுக்கு வந்த கம்பெனிக்காரர், முகமூடி போட்டே அனுப்பலாம், சேனலில் காட்டலாம் என்றார். உன் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் கட்டினது இவர. அந்த ஆள எனக்குத் தெரியாது. மூஞ்சி தொறந்தேதான் போவாரு." நீதான் செம்பருந்து என்பது அன்றுதான் சந்துக்காரர்களுக்குத் தெரிந்தது. உன் ஆட்டோவில் பல வருஷம் போன கிழவர் ஒருவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ வேண்டாம் என்றதையும், எனக்குக் கேட்டதையும், டீக்கடையில் நீ கேட்டதையும். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள். அழவில்லை.

"அவருக்கு இதெல்லாம் தெரியும் இல்ல? அவரே எங்கிட்ட சொல்லல அண்ணா. செத்தப்புறம் வந்து என் தலையில ஏன் எறக்கி வெக்கிறீங்க? இனிமே வராதீங்க."

போவதில்லை. சண்டையையும் விட்டுவிட்டேன். மறுபடியும் டைல்ஸ் பெட்டிதான்.

போன வாரம் ஸ்ரீராம்புரம் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "குரு, நீங்க அந்த சாம்பியன் தானே? செம்பருந்து உங்க மேட்ச்சுலதான வழுக்கி விழுந்தாரு?"

"வழுக்கல. வேணாம்னு சொன்னாரு. நான்தான் தூக்கிப் போட்டேன். கழுத்த ஒடச்சேன்."

அவன் கண்கள் விரிந்தன. விசில் அடித்தான். "இன்னும் அதே கெத்து குரு!" என்று சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டு போனைத் தூக்கிப் பிடித்தான். "அதே டயலாக்க இன்னொரு வாட்டி சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."