போட்லிப்னிக் வீட்டு அங்கா

கரிந்தியா
9 செப்டம்பர் 1974

அன்புத் தங்கை மிலேனாவுக்கு,

நலம். உன் இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா?

1942இல் ஜெர்மன் படையினரால் ரயிலேற்றப்பட்டுத் திரும்பாத நம் ஊராருக்கு நினைவுக்கல் நாட்ட நகராட்சி இசைந்துவிட்டது. அதற்கான குழுவின் செயலாளர் நானே. பதிவேட்டிலுள்ள பெயர்கள், ஜெர்மனில் மட்டும் என்பது விதி. நாம் ஸ்லோவேன் பேசுபவர்கள், குடியிருக்கும் வீட்டின் பெயரால் அழைத்துக்கொள்பவர்கள் என்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே உன் தோழி, போட்லிப்னிக் வீட்டு அங்கா, கல்லில் 'அன்னா வைஸ்' ஆவாள்.

ஆளற்றுக் கிடந்த அவர்கள் வீட்டை வாங்கி நான் குடியேறி இருபத்து மூன்று ஆண்டுகளாகின்றன. வழக்கப்படி ஊருக்கு இப்போது நான்தான் போட்லிப்னிக். மளிகைக்கடை நேஷா நேற்று, "என்னய்யா போட்லிப்னிக், அவங்க வீட்டையும் எடுத்துக்கிட்டே, பேரையும் எடுத்துக்கிட்டே. கல்லுல ஒரு வரி குடுத்தா கொறஞ்சா போயிருவே?" என்றாள்.

அன்புடன்,
அண்ணன் தோனெய்


த்ரியெஸ்தே
20 செப்டம்பர் 1974

அண்ணாவுக்கு,

இருமல் தேவலை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அன்று வழியனுப்ப நானும் ரயிலடிக்கு ஓடினேன். சிப்பாய் 'அன்னா வைஸ்' என்று மூன்று முறை கூப்பிட்டான். தன்னைத்தான் என்று தெரியாமல் அங்கா என் கையைப் பிடித்தபடி நின்றாள். "உன்னத்தான்டி கூப்புடுறாங்க, போ" என்றேன். எங்களுக்கு ஒன்பது வயது.

அந்தப் பெயரையே கல்லிலும் வெட்டுவாயானால், இனி உனக்கு எழுத மாட்டேன்.

மிலேனா


கரிந்தியா
4 நவம்பர் 1974

அன்புத் தங்கைக்கு,

உன் மௌனம் நியாயமானதே. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் நண்பகலில் கல் திறக்கப்பட்டது. பாதிரியார் பெயர்களை வாசிக்க, அந்தந்த வீட்டார் "இங்கே" என்றனர். 'அன்னா வைஸ்' என்றபோது எவரும் வாய் திறக்கவில்லை. நேஷா கூட்டத்திலிருந்து, "போட்லிப்னிக் வீட்டு அங்கா!" என்று அழைத்தாள். பழக்கத்தால் பதிலளிக்க வாயெடுத்தேன். அதற்குள், "இங்கதான் இருக்கேன்" என்றது ஒரு சிறுமியின் குரல்.

அது சாலைக்கு அப்பால் என் வீட்டிலிருந்து வந்தது. வீடு பூட்டியிருந்தது, சாவி என் சட்டைப்பையில் இருந்தது. குரலைக் கேட்டவர்கள் நூற்றுப்பதினோரு பேர்.

அன்றுமுதல் எவரும் என்னைப் போட்லிப்னிக் என்பதில்லை. நேஷாகூட என் குடும்பப் பெயரைச் சொல்லி, "ஓக்ரிஸ் ஐயாவுக்கு என்ன வேணும்?" என்கிறாள்.

கல்லில் வீட்டுப் பெயரைச் சேர்க்க, ஸ்லோவேனிலேயே விண்ணப்பம் எழுதிவிட்டேன். விதிப்படி, அவ்வீட்டில் குடியிருப்பவர் அதில் கையொப்பமிட வேண்டும். அது இனி நானல்ல; விடுதிக்கு மாறிவிட்டேன். விண்ணப்பத்தையும் பேனாவையும் அந்தச் சமையலறை மேசைமேல் வைத்து, கதவைத் தாழிடாமல் வந்திருக்கிறேன்.

தோனெய் ஓக்ரிஸ்